தண்ணீர்க் கோட்டுக்கு மேலே ஒரு ஜீப்

எங்கள் ஜீப்பில் நான் ஏறுவதைத் தெருவே நின்று வேடிக்கை பார்க்கும். என் வீட்டுக்காரர் முதலில் இறங்கி வந்து, பின் சீட்டுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் முக்காலியை எடுத்துப் போடுவார். நான் அதில் ஒரு காலை வைத்து, வலது கையால் கம்பியைப் பிடித்து, புடவையைச் சேர்த்துக்கொள்ள இன்னொரு கை இல்லாமல் தவித்து, எப்படியோ உள்ளே போய் விழுவேன். இடது கையால் எதையும் பிடித்து இழுக்கக் கூடாது. அது டயாலிசிஸ் கை. மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே இரண்டு இரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்திருக்கிறார்கள். வாரத்துக்கு மூன்று நாள் அதில்தான் ஊசி ஏற்றுவார்கள். அந்தக் கை கெட்டுப்போனால் வேறு இடம் தேடுவது சுலபமில்லை என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். அதனால் வீட்டில் நான் ஒரு குடம்கூடத் தூக்குவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு மட்டும் சர்க்கஸ் காட்ட வேண்டியிருந்தது.

மலை ஏறப் போகிறவர்களும், ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குள் இறங்கிச் சேற்றில் புரண்டு வருகிறவர்களும்தான் இப்படி வண்டியை உயர்த்துவார்கள். என் வீட்டுக்காரர் அந்த ரகம் இல்லை. அவர் கேபிள் டி.வி. ஆபரேட்டர். கேபிள் சுருளையும் ஏணியையும் ஏற்றிக்கொண்டு போவதற்காக எப்போதோ ஒரு பழைய ஜீப்பை வாங்கியிருந்தார். அது ஒழுங்கான உயரத்தில், ஒழுங்கான சக்கரங்களோடு, எங்களைப் போலவே அமைதியாகத்தான் இருந்தது. மழை வந்த பிறகுதான் அதற்கு இந்தக் கதி வந்தது.

அடையாற்றில், பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டிய ஒரு தெருவில் முதல் மாடியில் குடியிருக்கிறோம். மழைக்காலத்தில் தெருவில் கணுக்கால் தண்ணீர், முழங்கால் தண்ணீர் எல்லாம் எங்களுக்குப் பழக்கம். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துவிடுவோம். ஆனால் அந்த வருடம் ஆற்றுத் தண்ணீரும் சேர்ந்து வந்தது. கீழ் வீட்டுக்காரர்கள் அரிசி மூட்டையோடு எங்கள் வீட்டுக்கு ஏறி வந்தார்கள். மாடிப்படியில் தண்ணீர் ஒவ்வொரு படியாக ஏறியது. மயிலாப்பூரில் இருக்கும் டயாலிசிஸ் சென்டருக்குப் போன் அடித்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது, பிறகு அதுவும் நின்றது.

ஒரு முறை டயாலிசிஸ் தவறினால் சமாளிக்கலாம். எனக்கு அடுத்ததும் தவறியது. உடம்பில் சேரும் தண்ணீர் வெளியே போக எனக்கு வேறு வழி கிடையாது. கால் வீங்கியது, முகம் வீங்கியது, படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தேன். வெளியேயும் தண்ணீர், எனக்குள்ளேயும் தண்ணீர். கடைசியில் நொச்சிக்குப்பத்து ஆட்கள் மீன்பிடிக்கிற படகைக் கொண்டுவந்து எங்கள் தெருவுக்குள் விட்டார்கள். என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, இருட்டான படிக்கட்டில் இடுப்பளவு தண்ணீருக்குள் இறக்கினார்கள். நாற்காலியின் ஒரு காலை என் வீட்டுக்காரர் பிடித்திருந்தார் என்பது நினைவிருக்கிறது. அதற்கப்புறம் விழித்தபோது மூக்கில் குழாய் இருந்தது. பிழைத்துவிட்டேன். இந்த விஷயத்தில் நான் வேறென்ன சொல்ல.

நான் பிழைத்தேன், ஆனால் அவர் அந்தப் படிக்கட்டிலேயே நின்றுவிட்டார். தண்ணீர் வடிந்த பிறகு மாடிப்படிச் சுவரில் பழுப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. வீட்டு ஓனர் வெள்ளையடிக்க ஆள் அனுப்பியபோது, "மேல அடி, கீழ அடி, அந்தக் கோட்டை மட்டும் தொடாதே" என்று இவர் குறுக்கே நின்றார். பெயின்டர் என்னைப் பார்த்தான். நான் மேலே பார்த்தேன். இன்றைக்கும் எங்கள் படிக்கட்டுச் சுவர் வெள்ளை வேட்டிக்குப் பழுப்பு பார்டர் வைத்த மாதிரி இருக்கிறது.

பிறகு ஒரு நாள் ஒரு சணல் கயிற்றை எடுத்துவந்து, கோட்டிலிருந்து தெருத் தரை வரைக்கும் பிடித்து, முடிச்சுப் போட்டுப் பையில் வைத்துக்கொண்டார். அன்றைக்கே மீர்சாகிப்பேட்டையில் இருக்கும் மெக்கானிக்கிடம் போனார். நானும் கூட இருந்தேன். டயாலிசிஸ் முடிந்ததும் மயிலாப்பூரிலிருந்து என்னையும் அங்கே கூட்டிக்கொண்டு போயிருந்தார். அந்த மெக்கானிக்கை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் வண்டியை வாங்கிய நாளிலிருந்து அவர்தான் பார்க்கிறார்.

"பாய், இந்தக் கயிறு அளவுக்கு மேல சீட்டு நிக்கணும்."

பாய் கயிற்றை வாங்கித் தரையில் நிறுத்திப் பார்த்தார். "இன்னாண்ணே, சொக்கா தைக்க அளவு குடுக்கறா மாதிரி குடுக்கறே?"

"சிரிக்காத பாய். முடியுமா, முடியாதா?"

முடியாது என்று ஒரு மெக்கானிக் சொல்லி நான் கேட்டதில்லை. வண்டியின் பாரத்தை ஸ்பிரிங் பட்டைகள் தாங்குகின்றன. அந்தப் பட்டையின் ஒரு முனையை வண்டியோடு சேர்த்துத் தொங்கவிடும் இரும்புத் துண்டுக்கு ஷாக்கிள் என்று பெயர். அதை லேத் பட்டறையில் கொடுத்து நீளமாகச் செய்து மாட்டினார்கள். டிராக்டருக்குப் போடுவது போன்ற டயர் வந்தது. என்ஜினுக்குக் காற்று இழுக்கும் குழாயைக் கூரை வரைக்கும் ஏற்றினார்கள். எல்லாம் முடிந்து வண்டி தெருவுக்கு வந்தபோது பக்கத்து வீட்டு அம்மா, "இன்னா, எலக்‌ஷன்ல நிக்கப் போறாரா உன் வூட்டுக்காரரு?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. என் வீட்டுக்காரருக்கு வரவில்லை. கயிற்றை எடுத்து சீட்டுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, போதும் என்று தலையாட்டிக்கொண்டார்.

ஆட்டம் ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியாது. ஐம்பதைத் தொடும் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது ரோட்டில் ஒரு சின்ன மேடு பட்டால் போதும். ஸ்டீயரிங் இடது வலது என்று உதற ஆரம்பிக்கும். உதறல் ஒரு நொடியில் முன் சக்கரம் முழுக்கப் பரவி, டேஷ்போர்டில் வைத்த தண்ணீர் பாட்டில் கீழே விழும், பல் கிட்டிக்கும். வண்டியைக் கிட்டத்தட்ட நிறுத்தினால்தான் அடங்கும். மயிலாப்பூருக்குப் போக நாங்கள் அடையாற்றுப் பாலத்தைத் தாண்டியே ஆக வேண்டும். பாலத்தில் இரண்டு கான்கிரீட் பலகைகள் சேரும் இடங்களில் வண்டி தடக் தடக் என்று ஏறி இறங்கும். மற்றவர்களுக்கு அது ஒரு சத்தம். எங்களுக்கு அங்கே உயிர் தொண்டைக்கு வந்துவிட்டுப் போகும்.

பாய் வைத்தியம் பார்த்தார். முதலில் சக்கரம் நான்கையும் சமன் பார்த்து, விளிம்பில் ஈயத்துண்டுகளை ஒட்டினார். "முடிஞ்சிச்சிண்ணே, இனிமே வெண்ணை மாதிரி போவும்" என்றார். அடுத்த டயாலிசிஸ் அன்றைக்கே ஆடியது. பிறகு சக்கரத்தைத் திருப்பும் கம்பிகளின் முனைகள் தேய்ந்திருக்கின்றன என்று புதிதாக மாற்றினார். அதற்கும் வெண்ணை என்றார். அதுவும் ஆடியது. டயரில் காற்றைக் குறைத்துப் பார்த்தார், கூட்டிப் பார்த்தார். என் வீட்டுக்காரருக்கு கேபிள் வேலை இரண்டாம்பட்சமாகிவிட்டது. கஸ்டமர்கள் படம் வரவில்லை என்று போன் செய்தால், "வரும் வரும்" என்று சொல்லிவிட்டு ஜீப்புக்கு அடியில் படுத்துக்கொண்டார். யூடியூபில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் சக்கரத்தை உதைத்துக் காட்டும் வீடியோவை ஒலி இல்லாமல் திரும்பத் திரும்பப் பார்ப்பார். அந்த ஆள் பேசுவது இவருக்குப் புரியாது. அவர் கை போகும் இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்.

கடைசியில் டேம்பர் என்று ஒன்றை வாங்கிப் போட்டார்கள். கதவு படாரென்று சாத்திக்கொள்ளாமல் பிடித்து வைக்க மேலே ஒரு குழாய் இருக்குமே, அது போலத்தான். ஸ்டீயரிங் உதற வந்தால் இது பிடித்து அமுக்கிவிடும். போட்ட அன்றைக்கு என்னை ஏற்றிக்கொண்டு பாலத்தில் ஐம்பதைத் தாண்டிப் போனார். தடக் என்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை.

"பாத்தியா?" என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எத்தனையோ நாள் கழித்துப் பார்க்கிறேன்.

எனக்கு மனது ஒப்பவில்லை. காரணம் சொல்கிறேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்குத் தலைவலி. மருந்துக்கடையில் கேட்டு வாங்கி மாத்திரை போட்டுக்கொள்வேன், வலி போய்விடும். வருடக்கணக்கில் போட்டேன். அந்த மாத்திரைகள்தான் என் சிறுநீரகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றன என்று தெரிந்தபோது தின்ன ஒன்றும் மிச்சமில்லை. அதனால் வலி தெரியவில்லை என்றால் நோய் போய்விட்டது என்று நம்புகிற வயதை நான் தாண்டிவிட்டேன். அவரிடம் சொன்னேன். "அது அமுக்கி வச்சிக்கினு கீது, அவ்ளோதான். உள்ள இன்னாவோ கீது."

"உனுக்கு எதுலதான் நம்பிக்க வந்திச்சி?" என்று எழுந்து போய்விட்டார்.

சில மாதங்கள் ஒன்றும் ஆகவில்லை. நானே என் சந்தேகத்தை நினைத்துக் கூச்சப்பட ஆரம்பித்திருந்தேன். ஒரு மத்தியானம் டயாலிசிஸ் முடிந்து வந்துகொண்டிருந்தோம். அன்றைக்கு அளவுக்கு மேல் தண்ணீர் எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. எனக்குத் தலை சுற்றியது, சீக்கிரம் வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றேன். அவர் வேகமாக ஓட்டினார். சாந்தோம் தாண்டி, பட்டினப்பாக்கம் தாண்டி, பாலத்தில் ஏறினோம்.

தடக் என்ற சத்தத்தோடு டேம்பர் தோற்றது. அதுவரை அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்துக் காட்டுவது போல ஸ்டீயரிங் அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு அடித்தது. வண்டி தடுப்புச் சுவர் பக்கம் இழுத்தது. பின்னால் வந்த பஸ் ஹாரனை அமுக்கிப் பிடித்தது. நான் விழாமல் இருக்க மேலே இருந்த கம்பியைப் பிடித்தேன். இடது கையால் பிடித்தேன். அந்த நேரத்தில் எது எந்தக் கை என்று யாருக்குத் தெரியும்?

வண்டி நின்றபோது என் மடி சூடாக இருந்தது. ஊசி எடுத்த இடத்தில் வைத்திருந்த பஞ்சு நழுவி, இரத்தம் பீறிட்டுக்கொண்டிருந்தது. டயாலிசிஸ் கையில் இரத்தம் கசியாது, பாயும். அவர் இந்தப் பக்கம் தாவி வந்து, நர்ஸ் சொல்லிக்கொடுத்த மாதிரி இரண்டு விரலால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தார். விரல்கள் இரத்தத்தில் வழுக்கியதில் அழுத்தம் நிற்கவில்லை. "அமுக்கு, அமுக்கு" என்று நானே அவர் விரல் மேல் என் விரலை வைத்து அழுத்தினேன். பக்கத்தில் ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. மீன்கூடையோடு ஒரு அம்மா இறங்கி வந்து, தன் முந்தானையைக் கிழித்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டார். "இன்னாயா வண்டி இது? ஒடம்பு சரியில்லாத பொம்பளைய வச்சிக்கினு ஆட்டங்காட்டறியா? அறிவு கீதா உனுக்கு?"

என் வீட்டுக்காரர் அந்த முந்தானைத் துண்டை மடித்து ஊசி இடத்தில் வைத்து அழுத்தினார். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரத்தம் நின்றது. கையும் தப்பியது, டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துச் சொல்லும் வரை எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த ஒரு நாள் நான் பட்ட பயத்தை, வெள்ளத்தில்கூடப் படவில்லை. வெள்ளத்தில் எனக்கு நினைவு தப்பியிருந்தது. இதில் முழு நினைவோடு இருந்தேன்.

அடுத்த முறை நான் ஆட்டோவில் போனேன். ஜீப்பில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் சரி என்றார். ஆனால் பாலத்துக்குக் கிட்டே போனபோது ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "அக்கா, பின்னால ஒரு பெரிய ஜீப்பு நம்மளயே ஃபாலோ பண்ணிக்கினு வருது. யாருக்கா அது?" என்று கேட்டார். திரும்பிப் பார்த்தேன். முப்பதில் உருட்டிக்கொண்டு, பின்னால் பத்து வண்டிகள் ஹாரன் அடிக்க, என் வீட்டுக்காரர் வந்துகொண்டிருந்தார்.

"என் வூட்டுக்காரருதான். நீ போப்பா."

"அப்ப அதுலயே போலாமே?"

அந்த மாதம் முழுக்க இப்படித்தான் ஊர்வலம் போனோம். முன்னால் சாமி, பின்னால் காலித் தேர்.

சண்டை போடாமல் இருக்க முடியுமா? ஒரு நாள் காலை, அவர் இட்லியைப் பிட்டுக்கொண்டே, வேறு கம்பெனி டேம்பர் இன்னும் கெட்டியாக வருகிறதாம் என்றார். எனக்கு வந்ததே கோபம். தட்டைப் பிடுங்காத குறை.

"வண்டிய பழையபடி இறக்குன்னா இறக்க மாட்டியா? தண்ணி வருஷத்துல ரெண்டு நாள் வரும். நான் வாரத்துல மூணு நாள் போய் வரணும். ரெண்டு நாளுக்காக என்ன வருஷம் பூரா கொல்லுவியா?"

கணக்கு சரியான கணக்குதான். அதற்கு மறுபேச்சு இருக்காது என்று நினைத்தேன். அவர் பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"வெள்ளம் வந்தப்ப நீ மூச்சு வுட்ட சத்தம் உனுக்குக் கேக்கல. எனுக்குக் கேட்டுச்சு."

சட்னி காய்ந்துகொண்டிருந்தது. நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அடுப்பங்கரையில் நின்று அழுதேன். எனக்காக அழுதேனா அவருக்காக அழுதேனா என்று கேட்டால் தெரியாது. இத்தனை நாளும் அவருக்கு வண்டிப் பைத்தியம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். மூச்சு விட்டவளைவிட அதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவருக்குத்தான் அது தாங்க முடியாததாக இருந்தது என்பது எனக்கு ஏன் தோன்றவில்லை?

சில நாள் கழித்து அவரே வந்து, "பாய் பட்டறைக்கு ஒருவாட்டி வர்றியா? ஸ்டீயரிங்கப் புடிக்க ஒரு ஆள் வேணுமாம்" என்றார். முப்பதுக்கு மேல் போகக் கூடாது என்று கண்டிஷன் போட்டுவிட்டு ஏறினேன்.

விஷயம் இதுதான். வண்டி நின்றபடி இருக்கும்போது ஒருவர் ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக அசைக்க வேண்டும், அடியில் படுத்திருப்பவர் எது அசைகிறது, எது அசையக் கூடாமல் அசைகிறது என்று பார்க்க வேண்டும். இதுவரை என் வீட்டுக்காரர் மேலே உட்கார்ந்து அசைப்பார், பாய் கீழே பார்ப்பார். அன்றைக்கு இவர், தானும் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்திருக்கிறார். அதனால் நான் டிரைவர் சீட்டில். வாழ்க்கையில் முதல் முறை. இரண்டு ஆண்களும் என் காலுக்குக் கீழே படுத்திருந்தார்கள்.

"அக்கா, வலது கையால மட்டும். மெதுவா. லெஃப்டு... ரைட்டு..."

நான் அசைத்தேன். கனமாகத்தான் இருந்தது. கீழே டார்ச் வெளிச்சம் அங்கும் இங்கும் போனது. டை ராடு, கிங்பின் என்று பாய் ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி, நல்லாத்தான் கீது, நல்லாத்தான் கீது என்று சொல்லிக்கொண்டே வந்தார். என் வீட்டுக்காரர் பக்கம் டார்ச் ஒரே இடத்தில் நின்றது. பிறகு, "நிறுத்து" என்றார். "இன்னொரு தபா ஆட்டு." ஆட்டினேன். "பாய், இத்தப் பாரு. இது ஏன் பக்கவாட்டுல போய்ட்டு வருது?"

அவர் காட்டியது ஷாக்கிளை. அவர் கயிறு கொடுத்து அளவு சொல்லி, லேத்தில் நீட்டி மாட்டிய அதே இரும்புத் துண்டுகள். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது சக்கரம் திரும்புவதற்கு முன்னால் அவை முழு வண்டியையும் தொட்டில் போலப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டிருந்தன. குட்டையாக இருந்தபோது அசைய இடமில்லாமல் கெட்டியாக நின்றவை.

பாய் வெளியே வந்து, துணியில் கையைத் துடைத்தபடி உட்கார்ந்தார். இது நீண்டதால் இன்னொரு கெடுதலும் ஆகியிருக்கிறது என்றார். முன் சக்கரங்கள் நிற்கும் சாய்வு மாறிவிட்டதாம். நேராக ஓட வேண்டிய சக்கரத்துக்கு நேர் எது என்று தெரியாமல் போய்விட்டதாம். எனக்கு அது உடனே புரிந்தது. டயாலிசிஸ் சென்டரில் ஒரு ஸ்ட்ரெச்சர் உண்டு. வேகமாகத் தள்ளினால் அதன் முன் சக்கரம் படபடவென்று அடித்துக்கொள்ளும். அதில் படுத்துப் போயிருக்கிறேன்.

"உனுக்கு முன்னாடியே தெரியாதா பாய்?" என்று கேட்டேன். கொஞ்சம் காட்டமாகவே கேட்டேன்.

"தெரியாம இன்னாக்கா. நீட்டிப் போட்டா ஏதாவது ஒண்ணு இடிக்கும்னு தெரியும். இவ்ளோ ஆவும்னு நெனைக்கல. அதுவும் அண்ணன் கயித்த எடுத்துக்கினு வந்து நின்னப்ப, அந்த மூஞ்சப் பாத்து சொல்றதுக்கு மனசு வர்ல." சொல்லிவிட்டு அவர் என் முகத்தைப் பார்க்காமல் ஸ்பானர்களை அடுக்கினார்.

இரண்டு வழி இருக்கிறது என்றார். ஸ்பிரிங்குக்கும் சக்கர அச்சுக்கும் நடுவில் சரிவாகச் சீவிய இரும்புத் தகடு வைத்து, சாய்வைச் சரிக்கட்டலாம். உயரம் அப்படியே இருக்கும். ஆனால் எத்தனை நாள் நிற்கும் என்று சத்தியம் பண்ண முடியாது. இல்லையென்றால் பழைய ஷாக்கிள் ஓரமாகத்தான் கிடக்கிறது, பழைய டயர் அளவும் கிடைக்கும். முழுக்க இறக்கிவிடலாம். ஆட்டம் அதோடு போய்விடும்.

என் வீட்டுக்காரர் கிரீஸ் கையோடு நின்றிருந்தார். நான் அவர் தகடு வைக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்து, சண்டைக்கு என்னைத் தயார் பண்ணிக்கொண்டேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீயே சொல்லு. ஏறிப் போறது நீ."

இத்தனை வருடத்தில் அந்த வண்டி பற்றி அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. பதில் என் வாயிலேயே இருந்தது. மாதக்கணக்கில் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் என் முறை வந்தபோது வேறொரு கணக்கு ஓடியது. இறக்கு என்று நான் சொல்லி, இவரும் இறக்கிவிட்டு, அதே மாதிரி மழை வந்தால்? சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி நான் மூச்சுக்குத் தவிக்கும்போது, கீழே அந்தக் குட்டை வண்டி மூழ்கிக் கிடந்தால்? அதைச் சொன்னது நான்தான் என்றிருக்குமே. இவர் பயந்த மாதிரி நானும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறேன். அவர் பயந்து வண்டியை உயர்த்திவிட்டதால், எனக்குத் தைரியசாலி வேஷம் சுலபமாகப் போய்விட்டது.

"பழசையே போட்டுடு பாய்" என்றேன். சொல்லி முடித்த உடனேயே இவர் பக்கம் திரும்பினேன். "தண்ணி வந்தா இன்னா பண்ணுவே?"

அவரைக் குத்துவதற்காகக் கேட்கவில்லை. எனக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது.

அவர் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கும் மனுஷன். கேபிள் அறுந்தாலும், கரண்டு போனாலும், கவர்ன்மென்ட் கவிழ்ந்தாலும், அவரிடம் ஒரு வழி இருக்கும். என்னை நேராகப் பார்த்தார்.

"தெர்ல" என்றார்.

நான் அவர் கிரீஸ் கையைப் பிடித்துக்கொண்டேன். புடவை போனால் போகட்டும்.

"எனுக்குந்தான் தெர்ல."

பாய் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப கழட்டட்டுமா, வேணாமா?"

"கழட்டு பாய்" என்றார் அவர், என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். ஐப்பசி பிறக்க இன்னும் சில நாட்கள்தான் இருந்தன.